எல்லை காந்தி யாருடைய சீடர்?

கேட்கப்பட்டவை மூன்று கேள்விகள். 'எல்லை காந்தி' என்று அழைக்கப்பட்ட பஷ்தூன் தலைவர் கான் அப்துல் கபார் கான் காந்தியைப் பார்த்துத்தான் அகிம்சைக்கு வந்தாரா? இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு எல்லைப்புறத்தில் வாழ்ந்த, பழிவாங்குவதைக் குலப் பெருமையாகக் கருதிய பஷ்தூன்கள் அவர் பேச்சை எப்படிக் கேட்டார்கள்? வெள்ளையர் போன பிறகும் அவர் ஏன் சிறையிலேயே கிடந்தார்?

முதல் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதுதான். காந்தியின் பெயர் எல்லைப்புறக் கிராமங்களை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கபார் கான் வேலையைத் தொடங்கிவிட்டார். காந்தியிடமிருந்து அவர் பெற்றது நிறைய, அதை அவரே வாயாரச் சொல்லியிருக்கிறார். ஆனால் 'எல்லை காந்தி' என்ற பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் குஜராத்தில் முளைத்த ஒரு சிந்தனையைப் பெஷாவரில் கொண்டுபோய் நட்டவர் போலத் தெரிவார். நடந்தது அதுவல்ல.

அவர் பிறந்தது 1890இல், பெஷாவர் சமவெளியில் சார்சத்தாவை அடுத்த உத்மன்சாய் கிராமத்தில். தந்தை பெஹ்ராம் கான் வசதியான நிலக்கிழார். பகைவர்களை மன்னித்துவிடுபவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். அந்த ஊரில் அது அபூர்வமான குணம். பையனைப் பெஷாவரில் பாதிரிமார் நடத்திய எட்வர்ட்ஸ் மிஷன் பள்ளியில் சேர்த்தார். வெள்ளைக்காரன் பள்ளியில் படிப்பவன் நரகத்துக்குப் போவான் என்று முல்லாக்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளி முடியும் தறுவாயில் வெள்ளையர் ராணுவத்தின் 'கைட்ஸ்' படைப்பிரிவில் அதிகாரி பதவி அவரைத் தேடி வந்தது. ஒரு பஷ்தூன் இளைஞனுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் அன்று கிடையாது. ஆனால் அந்தப் படையில் இருந்த தெரிந்த பஷ்தூன் அதிகாரி ஒருவரை, அவரைவிடக் கீழ்நிலையில் இருந்த வெள்ளையர் ஒருவர் அவமதித்ததை நேரில் பார்த்த பிறகு, கபார் கான் அந்தப் பதவியை வேண்டாமென்று விட்டார். அண்ணன் ஜப்பார் கான், பின்னாளில் டாக்டர் கான் சாகிப் என்று அறியப்பட்டவர், மருத்துவம் படிக்க இங்கிலாந்து போயிருந்தார். தம்பியும் போக வேண்டியது. மூத்தவனைத்தான் கடல் கொண்டுபோய்விட்டது, இவனையும் அனுப்ப மாட்டேன் என்று தாய் அழுததால் நின்றுவிட்டது.

நின்றவர் 1910இல் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. துரங்சாய் ஹாஜி என்ற மதப் பெரியவரின் துணையோடு பக்கத்துக் கிராமங்களிலும் பள்ளிகள் எழுந்தன. உலகப் போர் நேரத்தில் ஹாஜி பழங்குடிப் பகுதிக்குள் தப்பிப் போய் ஆயுதப் போருக்குத் தலைமை ஏற்றார். பள்ளிகளை அரசு மூடியது. கபார் கான் ஹாஜியின் வழியில் போகவில்லை. எல்லைப்புற மாவட்டங்களின் கிராமங்களைக் கால்நடையாகச் சுற்றிவந்தார். காந்தி அப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்த புதிது.

அந்த நடைப்பயணங்களில் அவர் பார்த்தவைதான் அவருடைய அகிம்சைக்கு மூலம் என்று நான் நினைக்கிறேன். பஷ்தூன்களின் வாழ்க்கை நெறியில் விருந்தோம்பலும் அடைக்கலம் கொடுப்பதும் எவ்வளவு முக்கியமோ, பழிக்குப் பழி வாங்குவதும் அவ்வளவு முக்கியம். நிலத் தகராறு, பெண் தகராறு, ஒரு வசைச்சொல், எதில் தொடங்கினாலும் தந்தைக்காக மகனும் மகனுக்காகப் பேரனும் கொலை செய்யும் தொடர்கதையாக அது நீளும். வெள்ளையர் ஆட்சிக்கு இதில் நட்டமில்லை. 1901இல் பஞ்சாபிலிருந்து பிரித்து வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தை அமைத்தபோதே, எல்லைக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டார்கள். சாட்சி விசாரணை முறைப்படி நடக்கத் தேவையில்லை. அதிகாரி நியமிக்கும் ஜிர்கா, அதாவது பெரியவர்கள் அவை, குற்றவாளி என்றால் குற்றவாளிதான். ஒருவன் செய்ததற்கு ஊரையோ குலத்தையோ தண்டிக்கலாம். மற்ற மாகாணங்களுக்கு 1919இல் வந்த அரைகுறைச் சட்டமன்றச் சீர்திருத்தம்கூட இங்கே வரவில்லை. ரஷ்யா வந்துவிடும் என்ற அச்சத்தில் ஒரு மாகாணத்தையே படைமுகாமாக வைத்திருந்தார்கள்.

ஆகவே கபார் கானுக்கு வன்முறை என்பது முதலில் வெள்ளையரை எதிர்க்க எந்த ஆயுதம் சிறந்தது என்ற கேள்வியே அல்ல. தன் மக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதை எப்படி நிறுத்துவது என்பதுதான் கேள்வி. காந்தியின் அகிம்சை ஆட்சியாளரோடு மோதும் களத்தில் கூர்மை பெற்றது. இவருடையது வீட்டுக் கொல்லையில் தொடங்கியது. இருவரும் சந்தித்த இடம் ஒன்றானாலும் புறப்பட்ட இடங்கள் வேறு.

1919இல் ரௌலட் சட்ட எதிர்ப்புக் கூட்டம் நடத்தியதற்காக முதல் சிறை. தந்தையையும் பிடித்து உள்ளே போட்டார்கள். 1920இல் கிலாபத் இயக்கத்தின்போது ஆப்கானிஸ்தானுக்குப் புலம்பெயர்ந்த ஹிஜ்ரத் கூட்டத்தோடு போய், அதன் அவலத்தைப் பார்த்துத் திரும்பினார். 1921இல் ஆப்கானியச் சீர்திருத்தச் சங்கத்தையும் உத்மன்சாயில் ஆசாத் பள்ளியையும் தொடங்கினார். மாகாணத்தின் தலைமை ஆணையர் பெஹ்ராம் கானை அழைத்து, உங்கள் மகனை இந்தப் பள்ளிக்கூட வேலையை விடச் சொல்லுங்கள் என்றார். தந்தை வந்து சொன்னார். மகன் திருப்பிக் கேட்டது: எல்லோரும் தொழுகையை விட்டுவிட்டால் என்னையும் விடச் சொல்வீர்களா? மக்களுக்குக் கல்வி தருவதும் அப்படிப்பட்ட கடமைதான். பெரியவருக்கு அதற்குமேல் பேச எதுவுமில்லை. அந்த ஆண்டின் முடிவிலேயே மகனுக்கு மூன்றாண்டுச் சிறை. காலுக்கு ஒத்துவராத விலங்கு, தனிக் கொட்டடி, தானியம் அரைக்கும் வேலை எல்லாம் பார்த்துவிட்டு 1924இல் வெளியே வந்தார்.

சொந்த வாழ்க்கை அவருக்கு இரக்கம் காட்டவில்லை. முதல் மனைவி காய்ச்சலுக்கு இரையானார். 1926இல் ஹஜ் போன பயணத்தின்போது ஜெருசலேமில் படியில் தவறி விழுந்து இரண்டாம் மனைவியும் இறந்தார். அதன் பிறகு அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1928இல் 'பக்தூன்' என்ற பஷ்தோ இதழைத் தொடங்கினார். பெண்களின் எழுத்தும் அதில் வந்தது.

இனி இரண்டாவது கேள்வி. பஷ்தூன்கள் ஏன் கேட்டார்கள்?

1929இல் அவர் தொடங்கிய குதாய் கித்மத்கார், அதாவது இறைவனின் தொண்டர் படை, உண்மையிலேயே படை போலத்தான் இருந்தது. சீருடை உண்டு, அணிவகுப்புப் பயிற்சி உண்டு, முரசும் குழலும் உண்டு, 'ஜர்னைல்' என்ற தளபதி முதல் கீழ்நிலை வரை பதவிகள் உண்டு. துப்பாக்கி மட்டும் கிடையாது. போர்க்குணத்தைக் கைவிடுங்கள் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அந்தத் துணிவையும் கட்டுப்பாட்டையும் வேறொரு வேலைக்குக் கொடுங்கள் என்றார். இதைப் புரிந்துகொள்ளாமல், முரடர்களை அவர் சாதுக்களாக்கினார் என்று எழுதுபவர்கள் பஷ்தூன்களையும் இழிவுபடுத்துகிறார்கள், அவரையும் சிறுமைப்படுத்துகிறார்கள்.

உறுப்பினராகச் சேர்பவர் இறைவன் பெயரால் உறுதிமொழி எடுக்க வேண்டும். வன்முறையை விடுவேன், பழிவாங்க மாட்டேன், எனக்குக் கொடுமை செய்தவரை மன்னிப்பேன், குலப்பகையில் இறங்க மாட்டேன், தினமும் இரண்டு மணி நேரம் பொதுப்பணி செய்வேன், கூலி எதிர்பார்க்க மாட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டால் உயிரே போனாலும் காப்பது என்ற பஷ்தூன் மரபின் ஒரு பகுதியை எடுத்து, பழிவாங்கு என்ற இன்னொரு பகுதியின்மேல் ஏவிவிட்டார். வெளியூரிலிருந்து வந்த எந்த உபதேசியாலும் செய்திருக்க முடியாத வேலை இது. மதமும் அவர் பக்கம் நின்றது. போலீஸும் ராணுவமும் எதிர்நிற்க முடியாத ஆயுதம் ஒன்றைத் தருகிறேன், அது நபிகள் நாயகத்தின் ஆயுதம், பொறுமையும் நேர்மையும்தான் அது என்று கூட்டங்களில் பேசினார். மக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் அடி வாங்கியும் திருப்பி அடிக்காத முதல் முஸ்லிம்களின் கதை அந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்கள் சீருடையான சிவப்புச் சட்டைக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவுமில்லை. வெள்ளை உடை சீக்கிரம் அழுக்காகிறது என்று யாரோ உள்ளூர்த் தோல் பதனிடும் இடத்தில் செங்கல் நிறச் சாயத்தில் தோய்த்துக்கொண்டார்கள், மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். சிவப்பைப் பார்த்ததும் மாஸ்கோவின் கை இருக்கிறது என்று வெள்ளை அதிகாரிகள் கோப்பு எழுதத் தொடங்கினார்கள்.

பரீட்சை 1930 ஏப்ரல் 23 அன்று வந்தது. உப்பு சத்தியாக்கிரக நாட்கள். கபார் கான் பெஷாவருக்கு வரும் வழியில் கைதானார். நகரத்திலும் தலைவர்களைப் பிடித்தார்கள். கிஸ்ஸா குவானி கடைவீதியில் கூட்டம் திரண்டது. கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன, ஆட்கள் நசுங்கினார்கள், பிறகு துப்பாக்கிச் சூடு. முன்னால் இருந்தவர்கள் விழ, பின்னால் இருந்தவர்கள் அந்த இடத்துக்கு வந்து நின்றார்கள் என்று பல சாட்சியங்கள் சொல்கின்றன. இறந்தவர் முப்பது பேர் அளவில்தான் என்றது அரசு. விட்டல்பாய் படேல் தலைமையிலான காங்கிரஸ் விசாரணைக் குழு 125 என்றது. இருநூறுக்கும் மேல் என்று சொல்பவர்கள் உண்டு.

அன்று நடந்த இன்னொரு நிகழ்ச்சிதான் லண்டன் வரை கலக்கியது. ராயல் கார்வால் ரைஃபிள்ஸ் படையினருக்குச் சுட உத்தரவு வந்தபோது, ஹவில்தார் சந்திர சிங் கார்வாலியும் அவருடைய ஆட்களும் மறுத்துவிட்டார்கள். அவர்கள் இமயமலைப் பக்கத்து இந்துக்கள், எதிரே நின்றவர்கள் முஸ்லிம்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் அவர்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். சந்திர சிங்குக்கு ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சில நாட்கள் பெஷாவர் நகரம் அரசின் பிடியிலேயே இல்லை.

சுட்டுத் தள்ளினால் பஷ்தூன்கள் துப்பாக்கியோடு வருவார்கள், பிறகு எளிதாக நசுக்கிவிடலாம் என்று எண்ணியவர்களுக்கு நேர்ந்தது வேறு. சூட்டுக்குப் பிறகு தொண்டர் படையில் சேர வரிசை நீண்டது. சில மாதங்களில் உறுப்பினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். அரசின் ஆட்கள் ஊர்களில் புகுந்து வீடுகளைக் கொளுத்தினார்கள், தொண்டர்களின் ஆடையை அவிழ்த்து அவமானப்படுத்தினார்கள். பஷ்தூனுக்குச் சாவைவிடக் கொடியது அந்த அவமானம். அதையும் தாங்கிக்கொண்டு கை ஓங்காமல் நின்றவர்கள் அந்தத் தொண்டர்கள். அகிம்சை கோழைகளின் மதம் என்று இன்றும் எழுதுகிறவர்கள் 1930, 1931 ஆண்டுகளின் எல்லைப்புற வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

காங்கிரஸோடு கூட்டு வந்ததும் இந்தச் சூழலில்தான். கபார் கான் குஜராத் சிறையில் இருந்தபோது (இது பஞ்சாபில் உள்ள குஜராத் நகரம்) அவருடைய தோழர்கள் முதலில் முஸ்லிம் லீக் தலைவர்களிடம்தான் உதவி கேட்டுப் போனார்கள். வெள்ளையரோடு மோதுபவர்களுக்கு உதவ லீக் தயாராக இல்லை. காங்கிரஸ் கை கொடுத்தது. 1931இல் இயக்கம் அதனோடு இணைந்தது. பின்னாளில் 'இந்துக் கட்சிக்கு விலைபோனவர்' என்று அவரைத் தூற்றியவர்கள் வசதியாக மறந்துவிட்ட செய்தி இது.

1931 டிசம்பரில் மறுபடியும் கைது. 1934இல் விடுதலையானபோது சொந்த மாகாணத்துக்குள் நுழையத் தடை. வார்தாவில் காந்தியின் அருகில் தங்கினார். இருவரின் உறவு ஆழப்பட்டது அப்போதுதான். காங்கிரஸ் தலைவர் பதவி தேடி வந்தபோது, நான் சிப்பாய், எனக்கு அது வேண்டாம் என்றார். காந்தி 1938இல் எல்லைப்புறத்துக்கு வந்தபோது விருந்தாளியைக் காக்கக் காவலர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். காந்தி ஒப்பவில்லை, துப்பாக்கிகள் அகற்றப்பட்டன. கபார் கானின் வீட்டிலும் விருந்தோம்பலுக்கும் கொள்கைக்கும் இடையே இழுபறி இருந்தது என்பதை இது காட்டுகிறது. 1940இல் போருக்கு நிபந்தனையோடு ஆதரவு தரலாம் என்று காங்கிரஸ் முடிவெடுத்தபோது அவர் செயற்குழுவிலிருந்து விலகினார். நேருவும் வல்லபாய் படேலும் ராஜாஜியும் அகிம்சையை ஒரு வழிமுறையாக மட்டும் கொண்டிருந்தார்கள். இவருக்கு அது இறைவன் பெயரால் கொடுத்த வாக்கு.

மூன்றாவது கேள்விக்கான விடை 1947இல் இருக்கிறது.

1946 தேர்தலில், மக்கள்தொகையில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் முஸ்லிம்கள் வாழ்ந்த அந்த மாகாணத்தில், 50 இடங்களில் 30 காங்கிரஸுக்குக் கிடைத்தன. லீக் பெற்றது 17. டாக்டர் கான் சாகிப் முதல்வரானார். முஸ்லிம்களின் ஒரே பிரதிநிதி நாங்கள்தான் என்ற ஜின்னாவின் வாதத்தில் இது பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய அவசியம் லீக்குக்கு இருந்தது. கல்கத்தா, நவகாளி, பிகார் என்று ரத்தம் ஓடியபோது காற்றும் மாறியது. 1946 அக்டோபரில் நேரு எல்லைப்புறத்துக்குப் போனபோது மலாக்கந்தில் கல்லடி பட்டது, கூடப் போன கபார் கானும் காயமடைந்தார். பிறகு அவர் பிகாருக்குப் போய்க் கலவரத்தில் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களிடையே காந்தியோடு நடந்தார்.

நாட்டைப் பிரிப்பதற்கான 1947 ஜூன் 3 திட்டம் அவருடைய மாகாணத்தில், ஓராண்டுக்கு முன் வென்ற சட்டமன்றத்தைத் தாண்டி, நேரடி வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. இந்தியாவா, பாகிஸ்தானா என்ற இரண்டே பெட்டிகள். காங்கிரஸ் செயற்குழு ஏற்றுக்கொண்டது. படேலும் ராஜாஜியும் வாக்கெடுப்பை ஆதரித்துப் பேசினார்கள் என்று கபார் கான் தன் நினைவுகளில் கசப்போடு சொல்லியிருக்கிறார். எங்களை ஓநாய்களிடம் வீசிவிட்டீர்கள் என்று அவர் சொன்னது அந்த நாட்களில்தான். இந்தியாவோடு ஒட்டாத, நடுவில் பஞ்சாபைக் கொண்ட ஒரு மாகாணத்தில் 'இந்தியா' பெட்டியில் ஓட்டுப் போடச் சொல்வது வெறும் கேலி என்பது அவருக்குத் தெரியும். ஜூன் 21 அன்று பன்னூவில் கூடி, பஷ்தூன்களுக்குத் தனி நாடு என்ற மூன்றாவது பெட்டியும் வேண்டும் என்று கேட்டார்கள். மவுண்ட்பேட்டன் மறுத்தார். வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். பாகிஸ்தானுக்கு 2,89,244 வாக்குகள், இந்தியாவுக்கு 2,874. வாக்களித்தவர்கள் மொத்த வாக்காளரில் ஏறத்தாழ 51 விழுக்காடு.

புறக்கணித்தது சரியா? கௌரவமான முடிவு, அரசியலில் பேரிழப்பு என்பது என் கருத்து. பாதிப்பேர் வாக்களிக்கவில்லை என்பது பின்னாளில் வாதத்துக்குப் பயன்பட்டது, வேறெதற்கும் பயன்படவில்லை. ஆனால் பெரிய பழி காங்கிரஸின் மீதுதான். பதினாறு ஆண்டுகள் தோளோடு தோள் நின்றவர்களைக் கலந்து பேசாமலே கைகழுவினார்கள்.

பாகிஸ்தான் பிறந்து எட்டே நாளில், 1947 ஆகஸ்ட் 22 அன்று, டாக்டர் கான் சாகிபின் அமைச்சரவை கலைக்கப்பட்டது. கபார் கான் 1948 பிப்ரவரியில் கராச்சியில் அரசியல் நிர்ணய சபையில் பாகிஸ்தானுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார். பிரிவினையை எதிர்த்தேன், நடந்துவிட்டது, இனி இது என் நாடு என்று பேசினார். வங்காளிக்கு வங்காளம், பஞ்சாபிக்குப் பஞ்சாப், சிந்திக்கு சிந்து இருப்பதுபோல எங்கள் மாகாணத்துக்கும் எங்கள் பெயர் வேண்டும் என்றார். ஜூனில் கைது. ஆகஸ்ட் 12 அன்று சார்சத்தா பக்கம் பாப்ராவில், கைதுகளைக் கண்டித்துத் திரண்ட தொண்டர்களை முதல்வர் அப்துல் கய்யூம் கானின் போலீஸ் சுட்டது. அரசு சொன்ன எண்ணிக்கை பதினைந்து அளவில். இயக்கத்தார் அறுநூறுக்கும் மேல் என்கிறார்கள். எதை ஏற்றாலும், சுதந்திர நாட்டின் முதல் ஆண்டு நிறைவுக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது இது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், மதம் ஒன்றே நாட்டை ஒட்டவைக்கும் பசை என்று நம்பிய அரசுக்கு, நல்ல முஸ்லிமாகவும் மொழி உரிமை கேட்பவராகவும் ஒருவர் இருப்பதே தலைவலி. மேற்குப் பாகிஸ்தான் முழுவதையும் ஒரே மாகாணமாக்கிய 1955ஆம் ஆண்டுத் திட்டத்தை எதிர்த்தார், மறுபடி சிறை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒற்றை மாகாணத்தின் முதல் முதல்வர் அவருடைய சொந்த அண்ணன். அண்ணன் 1958இல் லாகூரில் கத்திக்குத்துக்குப் பலியானார். ராணுவ ஆட்சியாளர் அயூப் கான் காலத்திலும் சிறை. 1962இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அவரை ஆண்டின் கைதியாக அறிவித்தது. 1964இல் சிகிச்சைக்கு இங்கிலாந்து போய், அங்கிருந்து ஆப்கானிஸ்தானுக்குப் போய்த் தங்கிவிட்டார். காபூல் அரசு பஷ்தூனிஸ்தான் என்ற பஷ்தூன் தனி நாட்டுக் கோரிக்கையைத் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. அதன் நிழலில் அவர் இருந்தது, துரோகி என்ற பட்டத்தை ஒட்டப் பாகிஸ்தான் ஆட்சியாளர்களுக்குக் கூடுதல் வசதியானது. சோவியத் படைகள் வந்த பிறகும் அவர் காபூலோடு உறவை முறிக்கவில்லை. வல்லரசுகளின் சண்டையில் பஷ்தூன் பிள்ளைகள் சாகிறார்கள் என்ற அவருடைய வாதம் சரிதான். ஆயினும் கிராமங்கள்மேல் குண்டு போட்டவர்களைக் கண்டிப்பதில் அவர் குரல் போதவில்லை என்ற விமர்சனத்தை நான் தள்ளிவிட மாட்டேன்.

1969இல் காந்தி நூற்றாண்டுக்கு இந்தியா வந்தார், கையில் ஒரு துணி மூட்டையோடு. அப்போதுதான் அகமதாபாத்தில் கலவரம் நடந்து முடிந்திருந்தது. விழாப் பேச்சுக்குப் பதிலாக உண்ணாவிரதம் இருந்தார். காந்தியை மறந்துவிட்டீர்கள் என்று தலைவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். 1987இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. இந்தியக் குடிமகன் அல்லாத ஒருவருக்கு அது முதல் முறை.

1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் இறந்தார். விருப்பப்படி ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அடக்கம். கைபர் கணவாய் வழியாகப் பல்லாயிரம் பேர் போனார்கள். சோவியத் படையும் அதை எதிர்த்துப் போரிட்ட முஜாகிதீன்களும் அதற்காகச் சண்டையை நிறுத்திவைத்தார்கள். அப்படியும் கூட்டத்தின் அருகே குண்டுகள் வெடித்துப் பதினைந்து பேர் இறந்தார்கள்.

இயக்கம் ஏன் பிழைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1948இல் தடை விதித்து, சர்தர்யாபில் இருந்த தலைமையிடத்தை இடித்துத் தள்ளினார்கள் என்பது பாதிக் காரணம். மறுபாதி அவருடைய குறை. பதவி வேண்டாம் என்று விலகி நின்ற தலைவர், தான் சிறையில் இருக்கும்போது இயக்கத்தை நடத்த இரண்டாம் வரிசையை வளர்க்கவில்லை. உறுதிமொழி எல்லாமே அவர் முகத்தைப் பார்த்து எடுத்தவை. மகன் வலி கான் நடத்திய கட்சிகள் தேர்தல் கட்சிகள், தொண்டர் படை அல்ல. ஆனாலும் வலி கான் 1986இல் தொடங்கிய அவாமி தேசியக் கட்சி மாகாண ஆட்சியில் இருந்தபோதுதான், தந்தை 1948இல் கேட்ட பெயர் மாற்றம் நடந்தது. 2010இல் அரசியல் சட்டத்தின் பதினெட்டாவது திருத்தம் அந்த மாகாணத்துக்கு கைபர் பக்தூன்க்வா என்று பெயரிட்டது.